மிச்ச நாள் யாருக்கு? கெட்டுப்போகும் பொருளின் உற்பத்திக் கணக்கு

கடை ஃபிரிட்ஜில் தயிர்க் கோப்பை எடுக்கிறவர்களின் கை நேராகப் பின்வரிசைக்குப் போகும். பழைய தேதியைக் கடைக்காரர் முன்னால் நகர்த்தி வைத்திருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். முன்வரிசைக் கோப்பையில் இரண்டு நாள் மிச்சம், பின்வரிசையில் பத்து நாள். சட்டப்படி இரண்டுமே விற்கத் தகுந்த சரக்கு; விலையும் ஒன்றேதான்.

எவ்வளவு தயாரித்தால் கட்டுப்படியாகும் என்ற கணிதத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. அதற்குள் கெடுநாள் நுழைந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி பொருளின் ஆயுளை ஒரு தடையாகத்தான் பார்த்தது: இத்தனை நாளுக்கு மேல் சரக்கை வைத்திருக்காதே, அவ்வளவுதான். என் பார்வையில் அது பாதிக் கேள்வி. பதினைந்து நாள் ஆயுள் உள்ள தயிரில் எத்தனை நாளை ஆலை எடுத்துக்கொள்கிறது, கடைக்கு எத்தனை போகிறது, வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் மீதிப் பாதி. பேட்ச் அளவைத் தீர்மானிக்கிறவர் தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பாகப்பிரிவினையைச் செய்துவிடுகிறார்.

தினமும் தேவையான அளவு மட்டும் செய்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். ஏன் முடிவதில்லை என்பது தயிர்ப் பிரிவைக் கிட்டத்தில் பார்த்தால் விளங்கும். பாலைச் சூடாக்கி, 42, 43 டிகிரிக்கு ஆற்றி, தொட்டியில் உறை சேர்க்கிறார்கள். உறை சேர்ந்த பால் கோப்பைகளில் நிரம்பி, மூடி ஒட்டி, தேதி அச்சாகி, கிரேட்களில் அடுக்கப்பட்டு வெதுவெதுப்பான அறைக்குள் போகிறது. சில மணி நேரத்தில் பிஎச் 4.6 அளவுக்கு இறங்கும். உடனே குளிர் அறைக்கு மாற்றியாக வேண்டும். தாமதித்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். வெதுவெதுப்பு அறையில் இடமில்லை என்று நிரப்பும் இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் தொட்டியிலேயே பால் கெட்டியாகத் தொடங்கும். கெட்டியானதைக் குழாயில் தள்ளினால் தயிர் உடைந்து நீர் பிரியும். பிறகு அந்தத் தொட்டி மோருக்குத்தான் ஆகும். ஓட்டம் முடிந்ததும் கழுவுதல். குழாய்களைப் பிரிக்காமலே உள்ளே தண்ணீர், காஸ்டிக் சோடா, மறுபடி தண்ணீர், நைட்ரிக் அமிலம், கடைசியாக ஒருமுறை தண்ணீர் என்று சுற்றவிடுவார்கள். ஆலையில் இதற்கு சிஐபி என்று பெயர். ஐநூறு கோப்பை ஓட்டியிருந்தாலும் ஐம்பதாயிரம் ஓட்டியிருந்தாலும் கழுவும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே, ஒருமுறை ஓட்டினால் நிறைய ஓட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

இந்தப் பரபரப்புக்கு முதன்முதலில் சூத்திரம் எழுதியவர் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஒரு தடவைக்கு எத்தனை உருப்படி செய்வது என்ற கேள்விக்கு 1913இல் அவர் சொன்ன விடை எளியது: அடிக்கடி மாற்றினால் மாற்றுச் செலவு ஏறும், மொத்தமாகச் செய்தால் சரக்கு வைத்திருக்கும் செலவு ஏறும், இரண்டும் சமமாகும் இடத்தில் நில். அவருடைய சரக்கு கெடாது. ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சுவைத் தயிர் நாளுக்கு 1,000 கோப்பை விற்கிறது. ஒருமுறை கழுவி மாற்ற 3,000 ரூபாய். ஒரு கோப்பையை ஒரு நாள் குளிரில் வைத்திருக்க 10 காசு. ஹாரிஸ் சூத்திரப்படி பேட்ச் அளவு சுமார் 7,750 கோப்பை, அதாவது ஏறக்குறைய எட்டு நாள் விற்பனை. நாள் ஒன்றுக்கு மொத்தச் செலவு 775 ரூபாய். இப்போது ஆயுளைக் கொண்டு வருவோம். ஆயுள் 15 நாள். குறைந்தது 10 நாள் மிச்சமில்லாமல் கடைக்காரர் சரக்கை இறக்க மாட்டார். ஆக ஆலைக்குக் கிடைப்பது 5 நாள். பேட்ச் 5,000 கோப்பைக்கு மேல் போகக்கூடாது. செலவு 850 ரூபாய்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. மூன்று நாளை விட்டுக்கொடுத்ததற்கு ஆலை கொடுத்த விலை நாளுக்கு வெறும் 75 ரூபாய், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹாரிஸின் வளைவு அடிப்பகுதியில் அவ்வளவு தட்டையானது. சிறிய பேட்ச் கட்டுப்படியாகாது என்று உற்பத்திப் பிரிவு சொல்லும்போது இந்தத் தட்டையை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. அடுத்தது இன்னும் முக்கியம். மாற்றுச் செலவை 3,000த்திலிருந்து 1,250 ரூபாய்க்கு இறக்க முடிந்தால் சூத்திரம் தானாகவே 5,000 கோப்பை என்று சொல்லும். செலவு 500 ரூபாய்க்கு வந்துவிடும். ஆயுள் என்ற தடை மறைந்தே போகும். கெடுநாள் பிரச்சினை என்று நாம் அழைப்பதில் பெரும்பங்கு கழுவும் பிரச்சினைதான். நுட்பமான அட்டவணையைவிட, குழாயை ஒரு மணி நேரம் முன்னதாகக் கழுவி முடிக்கும் ஏற்பாடு வீட்டுக்கு அதிக நாள் மிச்சம் வைக்கும்.

நிஜ ஆலையில் ஒரே இயந்திரத்தில் பல பொருள்கள் மாறி மாறி ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அததன் சிறந்த அளவு என்று வைத்தால் ஒரே நாளில் இரண்டு பொருள் இயந்திரத்துக்கு முட்டிக்கொள்ளும். 1950களின் கடைசியிலிருந்து ஆராயப்படும் இந்தச் சிக்கலுக்கு விரைவான பொதுத் தீர்வு இருக்க வாய்ப்பில்லை என்பது 1983இல் நிறுவப்பட்டது. ஆகவே நடைமுறையில் ஒரு பொதுச் சுற்றை வைத்து ஓட்டுகிறார்கள்: எல்லாப் பொருளும் ஒரு சுற்றில் ஒருமுறை. அந்தச் சுற்று ஒரு பொருளின் ஆயுளைத் தாண்டினால் என்ன செய்வது? எட்வர்ட் சில்வர் என்ற ஆய்வாளர் 1989இல் இரண்டு வழிகளை ஒப்பிட்டார்: சுற்றைச் சுருக்கலாம், அல்லது இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கலாம். மெதுவாக ஓட்டினால் சரக்கு குவியாது. வேகத்தைக் குறைப்பதே மேல் என்பது அவர் முடிவு. இயந்திரம் ஓடும் நேரத்துக்கும் காசு உண்டே என்று சர்க்கரும் பாபுவும் 1993இல் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது, சுற்றைச் சுருக்குவதே லாபமாக அமையும் நிலைமைகள் வந்தன. மின்கட்டணமும் ஷிப்ட் கூலியும் கொடுக்கிறவர்கள் இரண்டாவது கட்சியில்தான் சேர்வார்கள்.

வரிசைக்கும் ஒரு தர்மம் உண்டு. வெள்ளைத் தயிர் முதலில், பிறகு வெளிர்நிறப் பழச்சுவை, அடர்நிறம் கடைசியில். இந்தத் திசையில் போனால் நடுவில் லேசாக அலசினால் போதும். திரும்பி வெள்ளைக்கு வரும்போதுதான் முழுக் கழுவல். கொட்டைப் பருப்பு சேர்ந்த சுவை ஒவ்வாமை பயத்தால் கடைசிக்குத் தள்ளப்படும். இந்த இயல்பான வரிசையையே ஒரு கட்டாகக் கட்டி, கட்டை மட்டும் நாள்களில் நகர்த்தித் திட்டமிடும் முறையை கூன்தர், குருனோ முதலிய ஜெர்மன் ஆய்வாளர்கள் 2005, 2006 வாக்கில் எழுதினார்கள். தயிர் ஆலையை வைத்து எழுதப்பட்ட 2005ஆம் ஆண்டுக் கட்டுரை, மிச்ச ஆயுளுக்கே ஒரு பண மதிப்பு கொடுத்து அதை லாபக் கணக்கில் சேர்த்தது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த திருப்பம் அது. ஆயுள் அங்கே வேலியாக நிற்கவில்லை, விற்பனைக்கு வந்துவிட்டது.

பாக்கெட் ஆன பிறகுதான் ஆயுள் தொடங்கும் என்று நினைப்பதும் தவறு. தயிர்த் தொட்டியில் பார்த்தோமே, ஆலைக்குள்ளேயே கெடும் கட்டங்கள் உண்டு. ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியில் ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டப்பட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சென்னை நெரிசலில் அந்த இரண்டு மணி நேரம்தான் ஆலை எங்கே அமையலாம் என்பதையே முடிவு செய்கிறது. இந்த வகைக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு இயந்திரத்தையும் முழுநேரம் ஓட்ட நினைப்பதே ஆபத்து. பின்கட்டம் தயாராக இல்லாதபோது முன்கட்டம் சும்மா நிற்பதுதான் சரியான திட்டம். சும்மா நிற்கும் இயந்திரத்தைக் கண்டால் மேலாளருக்குப் பொறுக்காது என்பது வேறு விஷயம்.

இட்லி மாவு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. பெரும்பாலான கணித மாதிரிகள் பொருள் தயாரான நிமிடத்தில் உச்சத் தரத்தில் இருக்கிறது, பிறகு இறங்குகிறது என்று எடுத்துக்கொள்கின்றன. ஆட்டி முடித்த மாவு உச்சத்தில் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பொங்கிய பிறகுதான் இட்லிக்கு வரும். பாக்கெட் மாவு விற்கிறவர் சற்றே பச்சையாக அனுப்பி, வழியிலும் கடையிலும் அது பக்குவப்படட்டும் என்று கணக்கிடுகிறார். மே மாதக் கணக்கு மார்கழிக்கு ஆகாது. உச்சம் தாண்டினாலும் மாவு வீணில்லை: தோசைக்குப் போகும், அப்புறம் ஊத்தப்பம், பணியாரம். கெடுநாளைத் தாண்டினால் மதிப்பு பூஜ்யம் என்ற அனுமானத்தை நம் சமையலறைகள் எப்போதோ மறுத்துவிட்டன. ஓட்டல் சமையல் மாஸ்டர் நாளைய மாவு அளவைச் சொல்லும்போது தோசைக்கு இறங்கும் மாவையும் சேர்த்தே சொல்கிறார்.

கெடும் சரக்கைக் கோட்பாடாக எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு கிளையாகப் பிரிந்தார்கள். கேர், ஷ்ரேடர் இருவரும் 1963இல் எழுதிய மாதிரியில் சரக்கு ஒவ்வொரு கணமும் ஒரு விகிதத்தில் கரைந்துகொண்டே போகும், பெட்ரோல் ஆவியாவதுபோல. மற்றது குறித்த நாள்வரை முழுசாக இருந்து அன்றே செல்லாததாகும் வகை. இரண்டாவதுதான் கடினம். 1975இல் ஸ்டீவன் நாமியாஸும் பிரான்ட் ஃப்ரைஸும் தனித்தனியே அதைத் தீர்க்கும் வழியைக் காட்டினார்கள். கடினம் எதில் என்றால், கையில் எவ்வளவு இருக்கிறது என்பது போதாது. எத்தனை நாள் வயதுள்ளது எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். ரத்தத் தட்டணுக்களை எடுத்துக்கொள்வோம். 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தால் 5 நாள் தாங்கும். ஒவ்வொரு வயதிலும் பூஜ்யம் முதல் இருபது பைகள்வரை இருக்கலாம் என்றால் மொத்த நிலைமைகள் 40 லட்சத்துக்கு மேல். இத்தனைக்கும் தானம் பெற்ற ரத்தத்துக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை, மலேரியா உள்ளிட்ட சோதனைகள் முடிந்தாக வேண்டும். அதுவும் அந்த ஐந்து நாளில்தான் கழியும். மழைக்குப் பின் டெங்கு வந்தால் தேவை ஒரே வாரத்தில் எகிறும். இருப்பு தீர்ந்துபோனால் உயிர் போகும். தீராமல் வைத்தால் தானம் கொடுத்த ரத்தம் குப்பைக்குப் போகும். இந்த இடத்தில் வீணாவதைக் குறைத்துக் காட்டுகிறேன் என்கிற மேலாண்மைப் பேச்சை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஓரளவு வீணாவதே இங்கே சரியான திட்டத்தின் அடையாளம்.

கடைப் பக்கம் வந்தால் கதை தலைகீழ். செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று பெயர் பெற்ற ஒன்று உண்டு: மாலைக்குள் விற்காவிட்டால் காகிதம். 27 ரூபாய்க்கு வாங்கி 30 ரூபாய்க்கு விற்கும் ஒரு தயிர் பாக்கெட் அன்றே விற்றாக வேண்டும், மிஞ்சினால் ரிட்டன் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் 3 ரூபாய் லாபம், மிஞ்சினால் 27 ரூபாய் நட்டம். அந்தக் கணக்குப்படி கடைக்காரர் பத்து நாளில் ஒன்பது நாள் சரக்கு பற்றாமல் போகும் அளவுக்குக் குறைவாகத்தான் வாங்க வேண்டும்! பால் வியாபாரம் மாத அட்டையிலும் தெரிந்த வாடிக்கையிலும் நிற்பது இதனால்தான். சொற்ப லாபத்துக்கு நிச்சயமான தேவை மட்டுமே கட்டும். ரிட்டன் எடுக்கிறோம் என்று நிறுவனம் சொன்ன மறுநாளே கடைக்காரர் ஃபிரிட்ஜை நிரப்புவார். விற்பனைக் கணக்கு ஏறும். டேட் முடிந்த பாக்கெட்டுகள் பத்து நாள் கழித்து வண்டியேறித் திரும்பும். உற்பத்தி அட்டவணை போடுகிறவருக்கு வந்து சேரும் ஆர்டர் எண், மக்கள் தின்ற தயிரின் எண்ணிக்கை அல்ல. யார் நட்டம் சுமப்பது என்ற ஒப்பந்தத்தின் நிழல்தான் அது.

பாலுக்கு இன்னொரு பக்கமும் நெருக்கடி. மாவு ஆலை அரிசியை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலையும் மாலையும் பால் வந்துகொண்டே இருக்கும். இன்று வேண்டாம் என்று மாட்டிடம் சொல்ல முடியாது. விற்பனைப் பக்கமோ முகூர்த்த நாளில் தயிர் பறக்கும், ஆடியில் கல்யாண ஆர்டர் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆலைக்குத் தப்பும் வழி, ஆயுள் குறைந்ததை ஆயுள் நீண்டதாக மாற்றுவது: வெண்ணெய், பால் பவுடர். கெய்ரா கூட்டுறவு ஒன்றியம் 1955இல் ஆனந்தில் பவுடர் ஆலை கட்டியது இந்தக் கணக்கில்தான். குளிர்காலத்தில் பெருகும் பாலை பம்பாய் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒன்றியத்தின் பால் தொழில்நுட்ப வல்லுநர் தலாயா செய்து காட்டினார். அட்டவணைச் சிக்கலுக்கு அட்டவணைக்கு வெளியே கிடைத்த விடை என்று அதைச் சொல்லலாம்.

உச்ச நாள் ஒன்றே ஒன்று என்றால் கணக்கு பின்னோக்கி ஓடும். தீபாவளிக்கு முன் இனிப்புக்கடையின் பட்டறையைப் பாருங்கள். முதலில் முறுக்கு, மிக்சர் போன்ற கார வகைகள். அடுத்து நெய்யில் செய்யும் மைசூர்பாகு, லட்டு. பால்கோவாவும் கோவா சேர்ந்த மற்றவையும் கடைசி ஓரிரு நாளில். அடுப்பும் மாஸ்டரும் ஒன்றே என்பதால், ஆயுள் நீண்டது முன்னால் போய்க் குறுகியதற்கு இடம் விடுகிறது. பாடநூல் இல்லாமலே தலைமுறைகளாக நடக்கும் திட்டமிடல் இது. 2020 அக்டோபர் 1 முதல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கட்டாயமாக்கியது. அதுவரை மாஸ்டரின் தலைக்குள் இருந்த வரிசை வாடிக்கையாளர் கண்ணுக்கும் வந்தது.

அச்சான தேதியே எவ்வளவு உண்மை? அது ஒரு வெப்பநிலையை நம்பி எழுதப்பட்டது. கடை வாசலில் வெயில் ஏறும்வரை கிரேட்டில் கிடக்கும் பாக்கெட்டுக்கும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போனதுக்கும் தேதி ஒன்று, ஆயுள் வேறு. தடுப்பூசித் துறை இதற்கு 1996இலேயே வழி கண்டது: போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் வெப்பம் படப்பட நிறம் மாறும் சின்னச் சதுரம். எதை முதலில் எடுத்துப் பயன்படுத்துவது என்று அந்தச் சதுரம் சொல்லும். மருந்துக்கு வந்த ஏற்பாடு பாலுக்கு வராததற்குக் காரணம் பாக்கெட்டின் லாபத்தைப் பார்த்தாலே புரியும்.

பாகப்பிரிவினையை வெளிப்படையாகவே வகுத்துவைத்த நாடு ஜப்பான். அங்கே உணவு வணிகத்தில் மூன்றில் ஒன்று என்ற வழக்கம் உண்டு: ஆயுளின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும்; இரண்டாவது பங்கு முடியும்போது அலமாரியிலிருந்து இறங்கிவிட வேண்டும்; கடைசிப் பங்கு வாங்கியவருக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. விளைவு, உண்ணத் தகுந்த சரக்கு மலையாகத் திரும்பியது. 2012க்குப் பிறகு அரசும் வணிகர்களும் பேசி, கடைக்கு வரும் கெடுவை ஆயுளின் பாதிவரை தளர்த்தும் முயற்சியைத் தொடங்கினார்கள். நம் ஊரில் 2024இல் இணையவழி உணவு விற்பனையாளர்களிடம், வாடிக்கையாளர் கைக்குச் சேரும்போது ஆயுளில் 30 சதவீதமாவது அல்லது 45 நாளாவது மிச்சமிருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ அறிவுறுத்தியது. மூன்று நாள் ஆயுளுள்ள மாவுக்கு முப்பது சதவீதம் என்றால் ஒரு நாள்கூட இல்லை. ஒரே விகிதத்தை எல்லாப் பொருளுக்கும் வைப்பதில் உள்ள சிக்கல் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

கணினி வந்து இந்தக் கணக்குகளைப் பெரிதாக்கியிருக்கிறது. பேட்ச் ஆலையைப் பொருள் நிலைகளும் வேலைகளும் சேர்ந்த வலையாக எழுதும் முறை 1993இல் வந்தது; தொட்டி, குழாய், காத்திருக்கும் நேரம் எல்லாம் அதில் அடங்கும். 2012இல் அமோரிம், கூன்தர், அல்மாடா-லோபோ மூவரும் செலவையும் சரக்கின் புதுமையையும் ஒரே எண்ணில் கலக்காமல் தனித்தனி இலக்காக வைத்து, உற்பத்தியையும் வண்டி ஓட்டத்தையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். அவர்களுடைய விடை ஒரு திட்டம் அல்ல, திட்டங்களின் வரிசை: இவ்வளவு கூடுதல் செலவுக்கு இவ்வளவு கூடுதல் புதுமை. தேர்ந்தெடுப்பது ஆலையின் பொறுப்பு. அதுவே நேர்மையான வடிவம் என்று நினைக்கிறேன். ஒற்றை விடை தரும் மென்பொருளில் யாருடைய நாள் கழிக்கப்பட்டது என்பது வெளியே தெரியாது.

மிச்ச ஆயுளை விலையிலேயே எழுதிவிட்ட தொழில் ஒன்று இருக்கிறது. மருத்துவ ஸ்கேன்களுக்கான டெக்னீஷியம், மாலிப்டினம்-99 என்ற கதிரியக்க ஐசோடோப்பிலிருந்து கிடைக்கிறது. அந்த மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் மறைந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த வணிகத்தில் ஆலையை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் அளவுக்குக் காசு இல்லை. ஆறு நாள் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டு அதற்குத்தான் விலை. விமானம் தாமதமானால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். கனடாவின் சாக் ரிவர் அணு உலை 2009 மே முதல் 2010 ஆகஸ்ட்வரை நின்றபோது உலகமெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போனது, சேர்த்து வைக்க முடியாத சரக்கை விரல்விட்டு எண்ணும் உலைகளில் செய்வதன் விலை.

தயிருக்கு இந்த முறை வராது என்று சொல்ல முடியாது. ஆறு நாள் வயதான பேட்ச்சை இன்றே மோர்க்குழம்புக்கு ஊற்றப்போகும் ஓட்டலுக்குக் குறைந்த விலையில் தள்ளி, இன்றைய பேட்ச்சை வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வரும் குடும்பங்களுக்கு விட்டால் இரு பக்கமும் நட்டமில்லை. பேட்ச்சையும் அவ்வளவு சுருக்கத் தேவையில்லை. ஆனால் பழைய பேட்ச்சுக்கு எத்தனை ரூபாய் குறைப்பது என்பது விற்பனைப் பிரிவின் கையில் இருக்கிறது. ஷெட்யூல் போடுகிறவருக்கு விலைப்பட்டியலில் கை வைக்கும் அதிகாரம் வழக்கமாக இருப்பதில்லை.